தவளைத்தாய்க்கு விதித்த தடை

அக்டோபர் 3, வெள்ளி

இன்றிலிருந்து நாட்குறிப்பு எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். "லாரி புக்கிங் ஆபீசுல மேனேஜரு. டைரியில எழுதற அளவுக்கு அங்க என்னதான் நடக்குது?" என்று என் மனைவி வளர்மதி கேட்டாள். பகலில் நான் சங்ககிரி லாரி புக்கிங் ஆபீஸின் மேனேஜர் குழந்தைவேல்தான். சாயங்காலம் வீடு திரும்பியதும் தென்கோட்டையின் மந்திரி. நாடு நெருக்கடியில் இருக்கும்போது மந்திரி குறிப்பெழுதி வைப்பது கடமை.

தென்கோட்டை இருப்பது செல்போனில். ‘ஏழு கோட்டை’ என்ற விளையாட்டு. எங்கள் மன்னர் சென்னியப்பன் காங்கேயத்தில் தேங்காய் நார் மில் வைத்திருக்கிறான். எங்கள் இன்னொரு கூட்டாளி அமீர்ஜான் பவானியில் டயர் ரீட்ரேடிங் பட்டறை நடத்துகிறான். மூன்று பேரும் சேலம் பாலிடெக்னிக் விடுதியில் ஒரே அறை. படிப்பு முடிந்து ஆளுக்கொரு பக்கம் போன பிறகு, தினமும் பேசிக்கொள்வது இந்த விளையாட்டின் வாய்ஸ் சாட்டில்தான். பாதி நேரம் கோட்டையைக் காப்பது பற்றி, மீதி நேரம் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது பற்றி.

நெருக்கடி இதுதான். போன வாரம் வடகோட்டைக்காரர்கள் படையெடுத்து வந்தபோது எங்கள் தானியக் கிடங்கின் கதவு திறந்து கிடந்தது. அதைச் சாத்தும் பொத்தான் மன்னரிடம் மட்டும்தான் உண்டு. மன்னர் தாராபுரத்தில் ஒரு விருந்துப் பந்தியில் உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் ரசம் என்பதால் போனைத் தொடவில்லையாம். தானியம் முழுவதும் போய்விட்டது. நவம்பர் பதினாறில் மன்னர் தேர்தல் வருகிறது, ஆடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு ஓட்டு. மக்கள் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: கதவை ஏன் சாத்தவில்லை?

சென்னியப்பன் நிஜத்தில் நார் மில் சங்கத் தேர்தலில் தோற்றவன். இதிலும் தோற்றால் தாங்க மாட்டான்.

வேறு செய்தி: எங்கள் மாடி போர்ஷன் காலியாகக் கிடக்கிறது. அமீர்ஜான் பட்டறையைச் சங்ககிரிக்கு மாற்றுகிறான். பவானியில் அவன் வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் வைத்திருப்பதால் நவம்பர் முடிவதற்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். "மாடிய எனக்குத் தர்றியாடா?" என்று கேட்டான். தாராளமாக என்றேன். பெயிண்ட் மட்டும் அடிக்க வேண்டும்.

அக்டோபர் 5, ஞாயிறு

காலையில் கேஸ் சிலிண்டர் வந்தது. எதிர்வீட்டு அர்த்தனாரிப் பெரியப்பா வாசலில் நின்று, "மேல் வீட்ட ஆருக்கு உடப் போறே?" என்றார். கோயில் கமிட்டித் தலைவர், வீதியே அவர் பேச்சைக் கேட்கும். "இன்னும் முடிவு பண்ணலீங்க பெரியப்பா" என்றேன். "நம்மாளுங்களாப் பார்த்து உடு" என்றார். பொதுவாகச் சொன்னார்.

சாயங்காலம் சென்னியப்பனோடு அவசர ஆலோசனை. அமீர்ஜான் பட்டறையில் இருந்ததால் நாங்கள் இருவர் மட்டும். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. என் வாழ்க்கையில் இவ்வளவு தெளிவான யோசனை வேறு வந்ததில்லை.

தென்கோட்டையில் மூன்று சாமிகள். மலைக்காளையை வணங்குகிறவர்கள்தான் பெரும் கூட்டம், சென்னியப்பன் உட்பட. அடுத்து வெண்சுடர், நான் வணங்குவது. மூன்றாவது தவளைத்தாய். உயர்ந்த படியை எட்டியவர்கள் புதிதாக ஒரு சாமியை உண்டாக்கலாம் என்று விளையாட்டில் ஒரு சலுகை உண்டு. அமீர்ஜான் அதை வைத்துப் போன வருஷம் தவளைத்தாயை உண்டாக்கினான். கோயில் கிடையாது, குளக்கரைதான். பூசை என்பது "கொரக் கொரக்" என்று கத்துவது. வயலில் கொஞ்சம் ஈரம் நிற்கும் என்பதுதான் கிடைக்கும் வரம். கும்பிடுகிறவர்கள் ஒரு மினி பஸ்ஸில் அடங்குவார்கள்.

"சென்னி, கெடங்கப் பத்திப் பேசறவனெல்லாம் வேறொண்ணப் பத்திப் பேசோணும். தவளையத் தடை பண்ணு" என்றேன்.

"தவளை என்னடா பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல. அதனாலதான் சொல்றேன். ஏதாச்சும் பண்ணுன சாமின்னா திருப்பி அடிக்கும்."

சென்னியப்பன் பலமாகச் சிரித்தான். பிறகு, "பாலிடெக்னிக்குல உன்னையப் போயி மக்குன்னு நெனச்சுட்டனேடா கொழந்த" என்றான். அந்த அறையில் எல்லாரும் என்னைக் கொழந்த என்றுதான் கூப்பிடுவார்கள்.

அக்டோபர் 8, புதன்

அமீர்ஜானிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். மறைத்துச் செய்வது எனக்குப் பிடிக்காது. "தப்பா எடுத்துக்காதே மாப்ள. தேர்தல் முடியற வரைக்கும்தான். வெளையாட்டுதானே" என்றேன்.

"வெளையாட்டுதானே" என்று அவனும் சொன்னான். அதோடு விஷயம் முடிந்தது. பிறகு மாடியைப் பற்றிக் கேட்டான். புரட்டாசி கழியட்டும் என்றேன்.

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த வளர்மதி, "புரட்டாசி நமக்குத்தானுங்க. அவருக்கெதுக்குப் புரட்டாசி?" என்றாள். மோர்க்குழம்பு நன்றாக இருந்தது.

அக்டோபர் 10, வெள்ளி

தடை அமலுக்கு வந்தது. சென்னியப்பன் ராஜ முத்திரையை அழுத்தினான். திரையில், "தங்கள் ஆணை நிறைவேற்றப்பட்டது. மக்கள் மகிழ்ச்சி: சற்றே குறைவு" என்று வந்தது. அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

அறிவிப்பை எழுதியது நான். பொய் ஒன்றும் எழுதவில்லை, கேள்விதான் கேட்டேன்: ‘கிடங்குக் கதவு திறந்து கிடந்த அன்று குளக்கரையில் தவளைச் சத்தம் கேட்டது ஏன்?’ குளக்கரையில் தினமும் கேட்கும் என்பது வேறு விஷயம்.

ஒரு மணி நேரத்தில் கிடங்கைப் பற்றிய பேச்சே நின்றுவிட்டது. காளை பக்தர்கள் குளக்கரை விளக்குகளை உடைக்கிறார்கள். நேற்று வரை மன்னரைத் திட்டிய ஆள் ஒருவன் இன்று மன்னருக்கு மாலை போட்டான். சென்னியப்பன் சந்தோஷத்தில் எனக்கு ஒரு மூட்டைத் தேங்காய் அனுப்புகிறானாம், நிஜத் தேங்காய்.

மாடியில் முதல் கோட்டு ஆரம்பம். சந்தன நிறம்.

அக்டோபர் 13, திங்கள்

எதிர்பாராத ஒரு விளைவு. தடைக்குப் பிறகு தவளை பக்தர்கள் அதிகமாகிவிட்டார்கள். மினி பஸ் போதாது, இப்போது நான்கைந்து முழு பஸ்கள் வேண்டும். சேர்ந்தவர்கள் யார் என்று பட்டியலை இறக்கிப் பார்த்தேன். அதில் ‘பச்சைமிளகாய்’ என்று ஒரு பெயர், ஊர் சங்ககிரி. சங்ககிரியில் நான் ஒருவன்தான் ஆடுகிறேன் என்று நினைத்திருந்தேன்.

வளர்மதி தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். கேட்டேன்.

"நான்தானுங்க" என்றாள்.

"எட்டு வருசமா இந்தக் கேமைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லையே நீ?"

"எட்டு வருசமா நீங்க எதையும் தடை பண்ணலையே. அப்படி அதுல என்னதான் இருக்குதுன்னு பார்க்கலாம்னு போனேன். நல்லாத்தான் இருக்குது. சும்மா கத்தினாப் போதுங்கறாங்க. மனசுக்கு லேசா இருக்குது."

தோசை கொஞ்சம் தீய்ந்திருந்தது.

அக்டோபர் 16, வியாழன்

தடையை வலுப்படுத்த, ‘தவளை’ என்ற சொல்லையே நாட்டில் யாரும் எழுதக் கூடாது என்று ஆணை போட்டோம். அறிவிப்பைப் பதிவிட்ட அந்த நொடியே விளையாட்டு அதை அழித்துவிட்டது, அறிவிப்பில் அந்தச் சொல் இருந்ததால். மூன்று முறை போட்டேன், மூன்று முறையும் போனது. கடைசியில் ‘உங்களுக்கே தெரிந்த அந்தச் சொல்லை எழுதக் கூடாது’ என்று போட்டேன். அது நின்றது. ஆனால் எந்தச் சொல் என்று யாருக்கும் தெரியவில்லை. பயந்துபோய் மக்கள் ‘வரி’ என்று எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு கிழவர் ‘மன்னர்’ என்று எழுதுவதை நிறுத்திவிட்டார்.

அமீர்ஜான் வாய்ஸ் சாட்டில் சிரித்துக்கொண்டே இருந்தான். கடைசியில், "மாப்ள, புரட்டாசி நாளையோட முடியுதாமே" என்றான். தீபாவளி முடியட்டும் என்றேன்.

அக்டோபர் 20, தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளியல், கறிக்குழம்பு, வளர்மதியின் அக்கா வீட்டார் வந்துபோனார்கள். இடையில் ராஜாங்க வேலை வேறு. தவளை பக்தர்கள் பெயரைச் சொல்ல முடியாததால் பச்சை உடை உடுத்திக்கொண்டு வீதியில் நடமாடுகிறார்கள். பச்சை உடைக்கும் தடை போடச் சொன்னேன். சென்னியப்பன் யோசிக்காமல் முத்திரையை அழுத்தினான்.

எங்கள் அரண்மனைக் காவலர்களின் சீருடை பச்சை. முந்நூறு காவலர்களும் ஒருவரை ஒருவர் கைது செய்துகொண்டு சிறையில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். மன்னரின் மேலங்கியும் பச்சைதான். கடைசிக் காவலன் அரியணை வரைக்கும் வந்துவிட்டான். சென்னியப்பன் மேலங்கியைக் கழற்றி எறிந்து தப்பித்தான். இப்போது மன்னர் பனியனோடு ஆட்சி செய்கிறார்.

அக்டோபர் 23, வியாழன்

மாடியில் இரண்டாம் கோட்டு.

அக்டோபர் 26, ஞாயிறு

இன்று எடுத்தது கடினமான முடிவு. தவளை பக்தர்கள் அனைவரையும் நாட்டை விட்டு விலக்குவது. ஓட்டுப் போடும் உரிமை மட்டும் சட்டப்படி அவர்களுக்கு இருக்கும், மற்ற எதுவும் கிடையாது. நான் யோசனை சொன்னேன் என்று எழுதுவது சரியல்ல. சூழ்நிலை அப்படி வந்தது.

முத்திரை விழுந்தபோது அமீர்ஜான் வாய்ஸ் சாட்டில்தான் இருந்தான். மேட்டூர் மீன் வாங்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். "ஆறு கிலோடா, அதத் தூக்கிட்டுப் பஸ்ல ஏறுனா கண்டக்டரு..." என்றான். அதோடு அவன் குரல் நின்றுவிட்டது. விலக்கப்பட்டவர்களின் குரல் நாட்டுக்குள் கேட்காது, அது விளையாட்டின் விதி. எனக்கு அது நினைவில்லை.

"கண்டக்டர் என்ன சொன்னாராமா?" என்று சென்னியப்பன் கேட்டான். எனக்கெப்படித் தெரியும்?

அக்டோபர் 27, திங்கள்

ஹெட்செட் சரியில்லை. காது அடைத்த மாதிரியே இருக்கிறது. சேலத்துக்குப் போனால் வேறு வாங்க வேண்டும்.

அக்டோபர் 29, புதன்

வளர்மதியும் விலக்கப்பட்டவள்தான். அரசு அதிகாரிகள் விலக்கப்பட்டவர்களோடு பேசக் கூடாது என்று நானே எழுதிய விதியை அவள் படித்திருக்கிறாள். காலையில் காபி கேட்டேன். பேசாமல் போனில் அந்த விதியைக் காட்டினாள்.

"அது கேம்ல வளரு."

சமையலறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு, "மந்திரி ஆபீசுக்குப் போறப்ப வழியில காப்பி குடிச்சுக்கட்டும்" என்றாள்.

நவம்பர் 1, சனி

குளங்களும் தவளைத்தாயின் இருப்பிடம் என்பதால் அவற்றை மூடச் சொல்லி காளை பக்தர்கள் கோரிக்கை வைத்தார்கள். மூடினோம். எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள். நான்கு நாள் கழித்துத்தான் வயலுக்குத் தண்ணீர் குளத்திலிருந்து வருகிறது என்று தெரிந்திருக்கிறது. வாய்க்காலை இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் அந்த மினி பஸ் ஆட்கள்தானாம். யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

(தேதியைப் பார்க்கிறேன். நான்கு நாள் என்று எழுதிவிட்டேன், இரண்டு நாள்தான் ஆகிறது. குறிப்பெழுதுவதிலும் மனம் நிற்கவில்லை.)

நிஜத்தில் மழை பிடித்துக்கொண்டது. அமீர்ஜான் போனில் கூப்பிட்டான். இரண்டு வாரத்துக்குள் ஒரு முடிவு வேண்டும், பொருட்களைக் கட்டி வைக்க வேண்டும் என்றான். "மழையில பெயிண்ட் காயவே மாட்டேங்குதுடா" என்றேன். "சரி மாப்ள" என்றான். மீன் கதையின் மீதியைக் கேட்க நினைத்தேன். வைத்துவிட்டான்.

நவம்பர் 4, செவ்வாய்

மாடியில் மூன்றாம் கோட்டு. சந்தன நிறம் கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்ததால் வெள்ளை அடிக்கச் சொன்னேன். பெயிண்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

வளர்மதி படியேறி வந்து பார்த்தாள். இன்று பேசினாள். "இன்னும் எத்தன கோட்டு அடிப்பீங்க? செவுரு தடிச்சுத் தடிச்சு ரூமு சின்னதாயிடும். அப்பறம் ‘எடம் பத்தாதுடா அமீரு’ன்னு சொல்லிக்கலாம்னு இருக்கறீங்களா?"

தரமான வேலைக்கு நேரம் பிடிக்கும் என்று விளக்கினேன்.

"பெரியப்பாவுக்குப் பயந்துக்கறேன்னு சொல்லீட்டுப் போங்களேன். பெயிண்டாச்சும் மிச்சமாகும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

இதில் பெரியப்பா எங்கே வந்தார் என்று தெரியவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

பிரசாரம் மும்முரம். பட்டினி இருக்கிறது, ஆனால் யாரும் மன்னரைக் குறை சொல்லவில்லை. வயல் காய்ந்ததற்குத் தவளைக்காரர்களின் சாபம் காரணம் என்று ஒருவன் கிளப்பிவிட்டான். நான் அல்ல. ஆனால் நல்ல வாக்கியம், அறிவிப்பில் சேர்த்துக்கொண்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

வென்றோம்!

வித்தியாசம் குறைவுதான், ஆனால் வெற்றி வெற்றிதான். சென்னியப்பன் கத்திய கத்தலில் புது ஹெட்செட்டும் கிழிந்திருக்கும். வாணவேடிக்கை, முரசு, யானை. சென்னியப்பனும் நானும் வாய்ஸ் சாட்டில் ஒரு மணி நேரம் பேசினோம். பத்து நிமிஷத்துக்கு மேல் பேச ஒன்றுமில்லாமல் இருந்தது. "சரி, அப்பறம்" என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

நவம்பர் 17, திங்கள்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் சென்னியப்பன் ஆபீசுக்கே போன் செய்தான்.

"கொழந்த, மறுபடியும் கெடங்கக் கேக்க ஆரம்பிச்சுட்டாங்கடா. குளம் வேற கேக்கறாங்க. ராத்திரியெல்லாம் யோசிச்சேன். உன்ற வழிதான் சரி. அடுத்து ஒண்ணத் தடை பண்ணிறலாம்."

"இனித் தடை பண்ண என்ன இருக்குது?"

"வெண்சுடரு."

நான் டிபன் டப்பாவை மூடினேன்.

"நான் வெண்சுடர்டா சென்னி."

"தெரியும்டா. நீ ஒண்ணும் தப்பா எடுத்துக்காதே. உன்னைய யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. நீ மந்திரியில்ல? கொஞ்ச நாளைக்கு வெளிய சொல்லிக்காம இரு, அவ்வளவுதான்."

"நான் என்னடா பண்ணுனேன்?"

"நீ ஒண்ணும் பண்ணலடா. வெளையாட்டுதானே!"

அவன் நல்லவன். என்னைப் புண்படுத்த வேண்டுமென்று சொல்லவில்லை. எனக்குத்தான் அதற்குப் பிறகு தயிர்ச்சாதம் இறங்கவில்லை. மூன்று மணிக்கு ராஜினாமா அனுப்பினேன். திரையில், "மந்திரி விலகினார். மக்கள் மகிழ்ச்சி: மாற்றமில்லை" என்று வந்தது.

நவம்பர் 18, செவ்வாய்

அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பவானிக்குப் பஸ் ஏறினேன்.

அமீர்ஜான் டயரைச் சுரண்டும் மிஷினிடம் நின்றிருந்தான். தலை, புருவம், மீசை எல்லாம் ரப்பர்த் தூள். "அடடே, மந்திரியாரு! என்ன, பட்டறையையும் தடை பண்ண வந்துட்டீங்களா?" என்றான். வேலையாட்கள் இரண்டு பேரும் மும்முரமாக இருந்ததால் அவனே போய் இரண்டு டீ வாங்கி வந்தான்.

ராஜினாமா செய்ததைச் சொன்னேன். வெண்சுடருக்குத் தடை வருவதையும் சொன்னேன். அவன் டீயை ஆற்றினான்.

"ஏன்டா அமீரு, போயும் போயும் எதுக்குடா தவளை?" என்று கேட்டேன்.

"இத்தன நாளுல இப்பத்தான் கேக்கறே." டம்ளரைக் கீழே வைத்தான். "சாமிக்கு ஒரு பேரு வையின்னு கேமுல கேட்டுச்சு. சண்டையே வராத சாமியா ஒண்ணு வேணும்னு ரெண்டு நாளு யோசிச்சேன்டா. சிங்கம் வெச்சாச் சண்ட. பாம்பு வெச்சாச் சண்ட. தவளைக்கு எவன்டா சண்டைக்கு வருவான்னு நெனச்சேன்."

என்னைப் பார்த்தான்.

"நீ வந்துட்டே."

அவனுடைய இரண்டு வேலையாட்களும் சிரித்தார்கள். அமீர்ஜானும் சிரித்தான். "அது கெடக்குது. மாடியில பெயிண்ட் காஞ்சுதா?"

"மழடா..."

"என்ன கம்பெனி பெயிண்டுடா அது? ஒண்ணரை மாசமாக் காயாமக் கெடக்குது. பேரச் சொல்லு, நானும் ரெண்டு டின்னு வாங்கி டயருக்கு அடிச்சுப் பாக்கறேன். ஆயுசுக்கும் தேயாது."

எல்லாரும் சிரித்தோம். அவன் சிரிப்பதை நிறுத்தினான். நான் கொஞ்ச நேரம் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"காஞ்சிருச்சு" என்றேன்.

"எப்ப?"

"அப்பவே. தீபாவளிக்கு முந்தியே."

அவன் தலையை மட்டும் ஆட்டினான். எனக்கு முன்பே தெரியும் என்கிற மாதிரி ஆட்டினான். அதை எழுதத் தெரியவில்லை.

சாவியை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. "வீட்டுல ஷமீமுகிட்டக் கேட்டுச் சொல்றேன். சங்ககிரியில இன்னும் நாலு வீடு பார்த்துருக்கறோம். நல்ல நல்ல வீடுதான். பேரச் சொன்னதும் எல்லா வீட்டுலயும் பெயிண்ட் ஈரமாயிடுது."

திரும்பி வரும்போது ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. மழை சாரலாக அடித்தது. ஜன்னலைச் சாத்தவில்லை.

நவம்பர் 20, வியாழன்

அமீர்ஜான் இன்னும் சொல்லவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு இப்படிக் காக்க வைப்பது என்ன நியாயம்? வளர்மதியிடம் கேட்டேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். வேறு பேச்சை எடுத்தேன்.

நவம்பர் 23, ஞாயிறு

ஷமீம் வந்தார். அமீர்ஜான் கீழே வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டான், "வீடு பாக்கறது அவ டிபார்ட்மெண்டு" என்றான்.

ஷமீம் ஒவ்வொரு குழாயையும் திறந்து மூடினார். துணிக்கொடி கட்ட ஆணி இருக்கிறதா, மொட்டை மாடியில் மிளகாய் காயப் போடலாமா, மோட்டார் யார் போடுவது என்று கேட்டார். "சமையல்கட்டு கொஞ்சம் சின்னதா இருக்குதுண்ணா" என்றார்.

"மொதல்ல பெருசாத்தான் இருந்துச்சு. இவரு கோட்டு மேல கோட்டு அடிச்சுச் சுருக்கிட்டாரு" என்றாள் வளர்மதி. இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் கூட்டு.

கிளம்பும்போது ஷமீம் வாசற்படியில் நின்றார். "அண்ணா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. வீதியில யாராச்சும் கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கம்மா."

"கேட்டா?"

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, "கேட்டாச் சொல்லுவாரு" என்றாள் வளர்மதி. என்ன சொல்வேன் என்று அவளும் சொல்லவில்லை.

ஷமீம் சாவியை வாங்கிக்கொண்டார்.

நவம்பர் 27, வியாழன்

சென்னியப்பன் போன் செய்தான். பத்து நாளாகக் கோபமாக இருந்தான்.

"நாட்டுல ஒருத்தருமில்லடா கொழந்த. தவளைக்காரனெல்லாம் கெழக்குக்கோட்டைக்குப் போயிட்டானுங்க. வெண்சுடர்க்காரனும் பொறத்தாலயே போயிட்டான். காளைக்காரனுக்கு ஒடைக்க வெளக்கு இல்லீன்னதும் அவனும் வர்றதில்ல. நேத்து நானே வரி போட்டு நானே கட்டுனேன்."

பாவமாக இருந்தது. அமீர்ஜான் ஞாயிற்றுக்கிழமை குடி வருகிறான் என்றேன்.

"சாமான் ஏத்த வண்டி சொல்லீட்டானா?"

"தெரியல."

"மில்லு டெம்போவ எடுத்துட்டு வர்றேன். அவங்கிட்ட எதுவும் சொல்லாதே."

நவம்பர் 30, ஞாயிறு

டெம்போ ஒன்பது மணிக்கு வந்தது. சென்னியப்பனே ஓட்டி வந்தான். அவனும் அமீர்ஜானும் பவானியிலிருந்து முன்சீட்டில் ஒன்றாக உட்கார்ந்து வந்திருக்கிறார்கள். வழியில் என்ன பேசினார்கள் என்று கேட்டேன். ஒன்றும் பேசவில்லை என்றான் சென்னியப்பன். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவனுக்கு இல்லை. பீரோவைத் தனியாக முதுகில் ஏற்றிக்கொண்டு போனான். "தள்ளு தள்ளு, நீ தொடாதே" என்று அமீர்ஜானை விரட்டினான். பீரோ மேலே போய்ச் சேர்ந்ததும் அமீர்ஜான் அவனுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தான். "கண்டக்டரு என்னடா சொன்னாரு?" என்று சென்னியப்பன் கேட்டான். "எந்தக் கண்டக்டரு?" என்றான் அமீர்ஜான். அவன் மறந்தே போயிருந்தான்.

கடைசியாக வெட் கிரைண்டர் இருந்தது. பழைய காலத்துக் கிரைண்டர், கல்லோடு சேர்த்து ஒரு ஆள் கனம். ஒரு பக்கம் நான், மறுபக்கம் சென்னியப்பன். டெம்போவிலிருந்து இறக்கி நடு வீதியில் நான்கு அடி வைத்திருப்போம். எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

பெரியப்பா வேட்டியை இறுக்கிக்கொண்டே படியிறங்கி வந்தார். டெம்போவைப் பார்த்தார். மேலே கொடிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்த ஷமீமைப் பார்த்தார்.

"குழந்தைவேலு, ஆரு இவிங்க?"

இதற்கு நான் ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தேன். பட்டறை வேலைக்காகத் தற்காலிகமாக, இரண்டு மூன்று மாதம், வேறு வீடு கிடைக்கிற வரை என்று. கிட்டப் போய், மெதுவாக, அவர் காதருகே சொல்ல வேண்டிய பதில் அது.

ஆனால் கிரைண்டரைக் கையில் வைத்துக்கொண்டு கிட்டப் போக முடியாது. மெதுவாகவும் பேச முடியாது. விரல் நழுவிக்கொண்டிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் கத்தித்தான் ஆக வேண்டும். அவ்வளவு கனத்தில் நீளமாகவும் சொல்ல முடியவில்லை.

"என்ற சேக்காளிங்க பெரியப்பா! அமீர்ஜான்! இனிமே இங்கதான் இருப்பான்!"

வீதி முழுக்கக் கேட்டிருக்கும். இரண்டு மூன்று வீட்டில் ஜன்னல் திறந்தது. ஷமீம் சுத்தியலை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

பெரியப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சென்னியப்பன் அந்தப் பக்கத்திலிருந்து, "பேசறதெல்லாம் அப்பறம் பேசுடா, கை போவுது, நட!" என்று கத்தினான்.

நடந்தேன்.